தொண்டூழியமாகக் கொட்டகை போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன் தோட்டக்காரி:

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டி ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் ஆரம்பித்த திட்டத்தில் வந்தது. மண்வெட்டி, உர மூட்டை, தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் திணித்துக் கிடக்கும். மூடி உடைந்த பிறகு ஒவ்வொரு மழைக்கும் உரம் கூழாகிவிடும். கொட்டகை ஒன்று போட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. காசு குறைவு, ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சீன அங்கிள்கள், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய் அம்மா, நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள். பழைய கம்பத்தில் ஊரே கூடி வேலை செய்கிற கோத்தோங் ரோயோங் இது என்று மக்சிக் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இடம் நகர மன்றத்தின் பொறுப்பில் இருப்பதால் குடியிருப்பாளர் குழு வழியாக அனுமதி கேட்டோம். கிடைத்தது, நிபந்தனையோடு. குழி தோண்டக் கூடாது, காங்கிரீட் ஊற்றக் கூடாது, என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றி எடுக்கும்படி இருக்க வேண்டும். ஒருசிலர் முணுமுணுத்தார்கள். கீழே மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடுகிற இடத்தில் கடப்பாரை எதில் படும் என்று யார் கண்டது?

ஆனால் குழி இல்லாமல் கால் எப்படி நிற்கும்? விடியற்காலையில் அடிக்கிற சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை வரும். எட்டடிக்கு ஆறடிக் கொட்டகையின் கூரைக்கு அடியில் அது புகுந்தால் அப்படியே தூக்கிவிடும். அதற்கு வழி சொன்னவர் எங்கள் அங்கிள்களில் ஒருவர், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு மூலையிலும் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்தில் பலகைப் பெட்டி அடித்தோம். கொட்டகையின் இரும்புக் குழாய்க் கால் பெட்டிக்குள் இறங்கும், போல்ட் போட்டுப் பெட்டியோடு முடுக்கிவிட வேண்டும். பிறகு மண் நிரப்பியாயிற்று. ஈர மண்ணோடு ஒரு பெட்டி 400 கிலோ சுமாருக்கு வரும். இப்போது அதில் பண்டானும் கறிவேப்பிலையும் நிற்கின்றன. யாருக்கும் அது நங்கூரம் என்று தெரியாது.

செலவு விஷயத்தில் நான் ஒன்றில் உறுதியாக இருந்தேன். சுவரில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், கூரையில் பிடிக்காதீர்கள். பழைய தகரம் சும்மா கிடைக்கிறது, ஓட்டையைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாம் என்று ஒருவர் மல்லுக்கு நின்றார். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் அடைத்த ஓட்டை எத்தனை மாதம் தாங்கும்? புதுத் தகரம் வாங்கினோம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போனது. எனக்கு வருத்தமே இல்லை.

சுவருக்கு இலவச பேலட் பலகை, சரக்கு அடுக்குகிற மரத் தட்டைப் பிரித்து எடுத்தது. சுங்கை காடுட் பக்கம் ஒரு மரக்கடையில் கழித்துப் போட்டதை லாரியில் ஏற்றி வந்தார்கள். இலவசம் என்று சொல்கிறோமே தவிர, அதைப் பிரிக்க ஆன உழைப்புக்குக் கூலி போட்டால் புது மரமே வாங்கியிருக்கலாம். பேலட் ஆணி உடம்பெல்லாம் வளையம் வளையமாக இருக்கும். நெம்பினால் பலகைதான் பிளக்கும், ஆணி அசையாது. பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பறுக்கும் வாளை விட்டு ஆணியை அறுத்துவிடுவதுதான் வழி. ஆணித் தலை பலகையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

பேலட் எடுப்பவர்கள் அதன் கட்டையில் இருக்கிற முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படம் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் 'எச்டி' என்றிருந்தால் மரத்தின் உள்வரை 56 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் வைத்துப் பூச்சி கொன்றது என்று அர்த்தம். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்கிற நச்சுப் புகை போட்டது. கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் அந்த வம்பு எதற்கு?

புதுக்கோட்டைக்காரன்:

அக்கா, அந்த மண்ணுப் பெட்டி யோசனை பிரமாதம். நான் இங்க கட்டுமான வேலையில இருக்கேன். ஞாயித்துக்கிழமை நாங்க சில பேர் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தொண்டூழியம் போவோம். சக்கர நாற்காலி நிறுத்த அங்க ஒரு சாய்ப்பு இறக்கினோம். அனுமதியெல்லாம் அவங்களே வாங்கி வச்சிருந்தாங்க.

கூட நின்னது படிக்கிற பிள்ளைங்க. நல்ல பிள்ளைங்க, ஆனா மட்டம் பாக்க போன்ல ஆப்பைத் தொறந்தாங்க. ஒரு பலகைக்கு அது சரி. பன்னெண்டு அடி தள்ளி நிக்கிற ரெண்டு காலுக்கு அது என்ன சொல்லும்? ட்யூப் லெவல் போட்டுக் காமிச்சேன். உள்ள தெரியுற குழாய்ல தண்ணி ஊத்தி ரெண்டு முனையையும் ரெண்டு காலுல பிடிச்சா தண்ணி நிக்கிற இடம் ஒரே மட்டம். காத்துக் குமிழ் மட்டும் உள்ள இருக்கக் கூடாது, இருந்தா தண்ணியே பொய் சொல்லும். மூலை செங்கோணமா இருக்கான்னு பாக்க ஒரு பக்கம் மூணடி, மறுபக்கம் நாலடி குறிச்சு குறுக்க அளந்தா அஞ்சடி வரணும். "அண்ணா, இது பித்தகோரஸ்!"னு ஒரு பொண்ணு கத்திடுச்சு. எங்க மேஸ்திரி அதை மூலைமட்டம்னு சொல்லித்தான் சொல்லிக் கொடுத்தாரு.

கூரைக்கு ஆறடிக்கு ஒரு அடி வாட்டம் கொடுத்தோம். தகரத்துல மேடு பள்ளம் இருக்கும்ல, ஒரு தம்பி பள்ளத்துல திருகாணி போடப் போனான். "அண்ணா, பள்ளத்துல போட்டா நல்லா இறுக்கமா நிக்குமே?" "நிக்கும் தம்பி, தண்ணி ஓடுற வழியில ஓட்டை போட்டுட்டு மழைக்கு நீ வந்து கை வச்சு அடைப்பியா?"ன்னேன். மேட்டுலதான் போடணும். ரப்பர் வாஷர் லேசா அமுங்கினா போதும். பிதுங்குற அளவுக்கு முடுக்கினா வெயில்ல வெடிச்சுரும்.

செம்பவாங் பெரியவர்:

எங்கள் தோட்டத்தில் இளையவர்கள் அத்தாப்பு, அதாவது நீப்பாப் பனை ஓலைக் கூரைதான் வேண்டும் என்றார்கள். படம் எடுத்தால் அழகாக இருக்குமாம். நான் அத்தாப்பு வீட்டில் பிறந்தவன். நீப்பா ஓலை குளுமைக்குத் தகரம் கிட்டவே வர முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புக்கிட் ஹோ சுவீ தீ என் காலத்தில் நடந்தது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று. ஓலையும் பலகையுமாக நெருக்கிக் கட்டிய வீடுகள், கிட்டத்தட்ட 16,000 பேர் அந்த ஒரே தீயில் வீடிழந்தார்கள். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் கரி மூட்டி இறைச்சி வாட்டுகிற இடம் வேறு இருக்கிறது. அங்கே காய்ந்த ஓலையா? தகரம் என்று முடித்துவிட்டேன். மழைச் சத்தத்தில் பேச முடியவில்லை என்று இப்போது குறை சொல்கிறார்கள். பேசாமல் களை பிடுங்கட்டும்.

ஈசூன் அம்மா, ஒரு சந்தேகம். கூரைத் தண்ணீரைப் பிடிக்கப் பீப்பாய் வைத்தீர்களா? இங்கே வைக்கலாமா வேண்டாமா என்று ஒரே சண்டை.

ஈசூன் தோட்டக்காரி:

வைக்கவில்லை ஐயா. எங்களுக்கும் ஆசைதான். ஆனால் டெங்கி பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டை போட 20 காசு நாணயம் அளவுத் தண்ணீரே போதும், ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். பீப்பாய்க்கு வலை கட்டினாலும் அதைத் திறக்கிறவர் மூட வேண்டுமே! பள்ளி விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது? கூரை விளிம்பில் தகரக் கால்வாயும் வைக்கவில்லை, இலை அடைத்துக்கொண்டு தேங்கும். தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஜல்லி கொட்டிவிட்டோம்.

இரும்புக் குழாய் கால் வைத்திருந்தால் மேல் வாயைப் பாருங்கள். திறந்திருந்தால் அதுவே ஒரு கிணறு. நாங்கள் மணலை நிரப்பி மேலே மூடி அடித்தோம். மண் பெட்டிக்கு அடியில் ஓட்டை விட்டோம், ஆனால் கீழே தட்டு வைக்கவில்லை. அப்புறம், வேலை நடந்தபோது மூடிய தார்ப்பாய் இன்னும் அங்கேயே கிடந்தால் முதலில் அதை மடித்து உள்ளே போடுங்கள், அதன் சுருக்கத்தில்தான் தண்ணீர் நிற்கும்.