எல் பத்ரோன் வெலாஸ்கேஸ்: பெருக்காரங்ககிட்ட மாட்டின அனுபவம் இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். 2018ல ரஷ்யாவுல சரான்ஸ்க்ல டாக்டருக்குப் படிச்சிட்டிருந்தேன், தூங்கி வழியுற ஊரு, ஜூன் 16 பெரு - டென்மார்க் கால்பந்து மேட்ச்சுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எந்தத் தெருவுல பாத்தாலும் சிவப்பு வெள்ளை ஜெர்சிதான். 36 வருஷம் கழிச்சு உலகக்கோப்பைக்கு வந்திருக்காங்க, விடுவாங்களா. பஸ் ஸ்டாப்புல ஒரு தாத்தாவும் அவர் பொண்ணும், பொண்ணுக்கு இங்கிலீஷ் வரும். நான் பந்தாவா "குபிலாஸ் தெரியுமே"ன்னேன் (பெருவோட அந்தக்கால ஸ்டார், எங்கப்பா சொல்லிச் சொல்லி அந்த ஒரு பேருதான் மனப்பாடம்). தாத்தா கைய ஆட்டிட்டு "வெலாஸ்கேஸ்"னாரு. ஹோசே வெலாஸ்கேஸ். நான் திருதிருன்னு முழிச்சேன்.

அப்புறம் பஸ் வர்ற வரைக்கும் அதே கதைதான். அவங்க ஊரு கிளப் அலியான்ஸா லீமா 77லயும் 78லயும் சாம்பியன், நடு கிரவுண்டுல குபிலாஸ், குவெட்டோ, வெலாஸ்கேஸ் மூணு பேரும் ஒண்ணா ஆடினாங்க, நேஷனல் டீம்லயும் அதே மூணு பேரு. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் மத்த ரெண்டு பேரும் மேடையில நிக்கிற மாப்ளைங்க, இவருதான் பந்தி கவனிக்கிற ஆளு. சாம்பார் தீந்தாதான் அவர எல்லாரும் தேடுவாங்க.

*

தம்பி, நான் தூத்துக்குடி, கப்பல்ல வேலை. ஒரு தடவை அக்டோபர்ல கயாவோ துறைமுகத்துல இறங்கி லீமாவுக்கு டாக்சி புடிச்சேன், வண்டிக்குள்ள ஊதா கலர் அலியான்ஸா ஜெர்சி தொங்குது. உங்களுக்கு நீலம் வெள்ளைக் கோடுல்லான்னு கேட்டா, அக்டோபர்ல அங்க பெரிய இயேசு திருவிழாவாம், அதுக்காக அந்த மாசம் டீமே ஊதா போடுமாம். நம்ம பனிமய மாதா சப்பரம் ஞாபகம் வந்துட்டு. டிரைவருக்கு என் வயசுதான் இருக்கும், அவரும் குபிலாஸ விட்டுட்டு "எல் பத்ரோன்" "எல் பத்ரோன்"னே பேசிட்டு வந்தாரு. வெலாஸ்கேஸோட பட்டப்பேராம். பத்ரோன்னா முதலாளி, மீன்புடி படகுக்குத் தலைவனையும் அப்படித்தான் கூப்புடுவாங்க. நம்ம பக்கம் சம்மாட்டின்னு சொல்லுவோம்லா, அதேதான். கோல் அடிக்கிறவன விட்டுட்டு பந்தப் புடுங்குறவனுக்கு அந்தப் பட்டம் குடுத்துருக்கானுவ பாருங்க, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

*

கோலே அடிக்காதவர் மாதிரி சொல்றீங்களே, 78 உலகக்கோப்பையில ஈரானுக்கு எதிரா 2வது நிமிஷத்துலயே மொதல் கோல் அவருதான், அந்த மேட்ச் 4-1. அதுக்கு முன்னாடி ஸ்காட்லாந்த 3-1, ஹாலந்துகூட 0-0, குரூப்ல மொதல் இடம். ஆனா நான் வீடியோவுல முழுசா உக்காந்து பாத்தது அடுத்த ரவுண்டுல ரொசாரியோ ஊர்ல அர்ஜென்டினாவோட ஆடின மேட்ச். அர்ஜென்டினா நாலு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாதான் பைனல், ஜெயிச்சது 6-0. ரெண்டாவது பாதி தொடங்கின கொஞ்ச நேரத்துலயே வெலாஸ்கேஸ வெளிய எடுத்துட்டாங்க, அதுக்குக் காரணமே இல்லன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. பெருக்காரங்க மேட்ச்ச வித்துட்டாங்களா இல்லையான்னு நான் சொல்ல வரல. ஆரம்பத்துல பெருவோட முன்யாந்தே அடிச்சது போஸ்ட்டுல பட்டுச்சு, அது உள்ள போயிருந்தா கதையே வேற, அதே சமயம் இவரு கிரவுண்டுல இருக்கும்போதே ரெண்டு கோல் வாங்கி இடைவேளைக்குப் போயாச்சு, அதையும் ஒத்துக்கணும்ல. ஆனா மறுபடி பாருங்க, அவரு போனதுக்கப்புறம் நடுவுல எவ்ளோ எடம் கெடக்குதுன்னு. குபிலாஸும் குவெட்டோவும் பந்து துரத்தற ஆளுங்க கெடையாதே.

*

அந்த 6-0 பத்தி நானும் தாத்தாகிட்ட கேக்கச் சொன்னேன். "அப்பா ஊருக்குத் திரும்பற வரைக்கும் அத மட்டும் அவர்கிட்ட கேக்க மாட்டேன்"னு பொண்ணு மொழிபெயர்க்கவே இல்ல. டென்மார்க் மேட்ச் அன்னைக்கு பெருவோட குவேவா பெனால்டிய மேல தூக்கி அடிச்சப்போ கேமரா காட்டின கூட்டத்துல அவரத் தேடினேன், எல்லா தாத்தாவும் அவரு மாதிரியேதான் தலையில கை வச்சிட்டு இருந்தாங்க.