கருவாட்டுத் திடலில் உப்புக்கொத்தி

(குடும்பக் குழு: தலைமன்னார் வீட்டார்)

மேரி அன்ரி: [படம்] கருவாடு காயப்போடும் திடலுக்கு அப்பால் இந்தக் குருவி நிற்கிறது. கிட்டப் போனால் ஒரு செட்டை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பாவம், நாய் கடித்துவிட்டதோ?

றெஜி: காயம் இல்லை அன்ரி, முழு நடிப்பு. பக்கத்தில் முட்டை இருக்கும். உங்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. உப்புக்கொத்தி.

அன்ரன் மாமா: அது மாரிக்கு வருகிற பறவை அல்லவா? ஆனி மாதத்தில் இங்கே என்ன வேலை?

றெஜி: மாரிக்கு வடக்கிலிருந்து வருவது கென்டிஷ் உப்புக்கொத்தி மாமா. அது கோடைக்கு முன்பே திரும்பிவிடும். இங்கேயே தங்கி முட்டையிடுவது அனுமன் உப்புக்கொத்தி. ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2023இல் மன்னார்ப் பறவைகளின் மரபணுவையும் அளவுகளையும் ஒப்பிட்டுத் தனி இனம் என்று எழுதினார்கள். பிரிந்து சுமார் 12 லட்சம் ஆண்டுகள் ஆகின்றனவாம்.

அன்ரன் மாமா: அனுமனா? பாலம் கட்டியவரா?

றெஜி: அவரேதான். நம் கடலில் கிடக்கும் மணல்திட்டுகளை நினைத்து வைத்த பெயர்.

ஜூட் அண்ணா: எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கலண்டரைப் பார்த்தா இனம் பிரிக்கிறாய்?

றெஜி: பாதிக்கு மேல் கலண்டர்தான், மறைக்கவில்லை. இனி முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் வெள்ளை, நெற்றிக்கு மேலே மட்டும் கறுப்புப் பட்டை. இது ஆண். கென்டிஷ் ஆண் கூடு வைக்கும் காலத்தில் என்றால் அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் கறுப்புக் கோடு ஓடும், பின்தலை செம்பழுப்பாக இருக்கும். அனுமன் உருவத்திலும் சிறியது. செட்டை, அலகு, வால் எல்லாம் குட்டை. மாரியில் கறுப்பு மங்கிய பிறகு இரண்டும் கலந்து நின்றால், பெண் பறவையைக் காட்டிக் கேட்காதீர்கள். சத்தியம் செய்ய மாட்டேன்.

மேரி அன்ரி: முட்டையைக் கண்டுவிட்டேன்! இரண்டு. மணல் நிறம், மேலே கறுப்புக் கீறல்கள். சின்னக் குழி, அதற்குள் உடைந்த சிப்பித் துண்டுகள். இன்னும் ஓரடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

றெஜி: படம் போதும் அன்ரி, உடனே விலகி வாருங்கள். இந்த வெயிலில் பறவை திரும்பி வந்து நிழல் கொடுக்காவிட்டால் முட்டை அவிந்துவிடும்.

அன்ரன் மாமா: நாளை வலை ஏற்ற டிராக்டர் அந்த வழியாகத்தானே வருகிறது?

றெஜி: பனைகளின் பக்கமாக வரச் சொல்ல முடியாதா மாமா?

அன்ரன் மாமா: கேட்டுவிட்டேன். சுற்று வழியாம், டீசலுக்கு மேலதிகக் காசு கேட்கிறான்.

மேரி அன்ரி: கொடுத்துவிடுங்கள். நாயை நான் கட்டி வைக்கிறேன்.

ஜூட் அண்ணா: காசை றெஜியிடம் வாங்குங்கள் 😄