ஹீட் பேக்: ஒத்தடப் பையா, வெப்பப் பையா, கணப்புப் பையா?

பிரிக்பீல்ட்ஸ், மொழிபெயர்ப்பாளர்:
மலேசியத் தமிழ்க் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பல்லி, பாம்பு வளர்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். குளிர்காலத்தில் ஊர்வனவற்றை உயிரோடு பெட்டியில் அனுப்புவது பற்றிய அத்தியாயத்தில் 'ஹீட் பேக்' வரிக்கு வரி வருகிறது. உள்ளே இரும்புத்தூள், உப்பு, கரி. உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கும். அதில் சூடு பிறக்கும். 40 மணி நேரம், 72 மணி நேரம் தாங்குபவை கிடைக்கின்றன. இப்போதைக்கு 'ஒத்தடப் பை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

பட்டர்வொர்த், பல்லி வளர்ப்பவர்:
ஒத்தடம் வேண்டவே வேண்டாம் அக்கா. ஒத்தடம் என்றால் உடம்பில் வைத்து எடுப்பது. படிக்கிறவர் அதைப் பல்லியின் முதுகிலேயே வைத்துவிடுவார், வெந்துபோகும். தாளில் சுற்றி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்ட வேண்டிய பொருள் அது. பல்லி துளையிட்ட டப்பாவுக்குள், பாம்பு துணிப்பைக்குள், சுற்றிலும் பொலிஸ்டைரின் அட்டை. டேப் போட்டுப் பையை முழுக்க மூடிவிட்டால் காற்றில்லாமல் அணைந்துவிடும். வெயில் ஊருக்குப் போகும் பெட்டியில் போடவே கூடாது, மிகைச் சூடு குளிரைவிட வேகமாகக் கொல்லும். 'வெப்பப் பை' போதுமே.

கிள்ளான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வெப்பப் பை என்றால் வெந்நீர் ஊற்றும் ரப்பர் பைதான் நினைவுக்கு வரும். தொடாமல் சூடு தரும் பொருளுக்கு நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது: தடவு, அதாவது நெருப்பிடும் சட்டி. நெடுநல்வாடையில் கூதிர்க் குளிருக்கு மக்கள் தடவில் நெருப்பிட்டுக் காய்கிறார்கள். எனவே 'தடவுப் பை'. தடவுக்குப் பெருமைப் பொருள் உண்டு என்பது தொல்காப்பிய உரியியல். அதே நூற்பாவில் உடன் நிற்கும் 'நளி' பின்னாளில் குளிர்ச்சியையும் குறித்தது. சூட்டுக் கலமும் குளிரும் ஒரே நூற்பாவில்! யாராவது ஆராய வேண்டும்.

பட்டர்வொர்த்:
ஐயா, தடவுப் பை என்று படித்தால் எடுத்துத் தடவித்தான் விடுவார்கள். ஒத்தடமே தேவலை.

ஈப்போ, அகராதிப் பித்தர்:
'கணப்புப் பை' பாருங்கள். கணப்புச் சட்டியை யாரும் மடியில் வைத்துக்கொள்வதில்லை. ஓரமாக இருந்து அறையைச் சூடாக்கும். கையேடு சொல்வதும் அதைத்தானே?

கிள்ளான்:
கருத்து நன்று. ஆனால் எழுத்து? கனல், கனலி, கனற்சி என்ற வரிசையில் வருவதால் இரண்டு சுழி 'கனப்பு' என்பதே சரி. மூன்று சுழி பிற்கால மயக்கம்.

ஈப்போ:
இரண்டு சுழி போட்டால் எடை என்றும் பொருள்படும் ஐயா. கூரியர்க்காரர் எடை பார்த்துக் காசு வாங்குகிறார், குழப்பம் எதற்கு?

சுங்கை பட்டாணி, அறிவியல் ஆசிரியை:
மின்விசிறி நிற்காத ஊர் இது. என் மாணவர்கள் கணப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் விரியன்கள் மரக்கிளையில் அப்படியே கிடக்கின்றன, அவற்றுக்கு எந்தப் பையும் வேண்டாம். தூய்மை பேசிப் பல்லியைச் சாகடிக்காதீர்கள். 'ஹீட் பேக்' என்றே எழுதினால் கடையில் கேட்டாவது வாங்கலாம்.

கிள்ளான்:
இப்படித்தான் அம்மா, 'சிச்சாக்' என்ற மலாய்ச் சொல் வந்து 'பல்லி'யைத் தின்றுவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ்:
நேரமில்லை, மன்னியுங்கள். தனிமடலில் சொன்னவர்களையும் சேர்த்தால் 'வெப்பப் பை'க்குத்தான் ஆதரவு அதிகம். முதலில் வரும் இடத்தில் 'ஹீட் பேக் எனப்படும் வெப்பப் பை' என்று எழுதி, 'விலங்கின் மேல் படக்கூடாது' என்று தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். கோப்பு போய்விட்டது.

ஈப்போ:
சரி, பரவாயில்லை. மறுபதிப்பில் கணப்பைப் பார்ப்போம்.

கிள்ளான்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. மறுபதிப்பு வந்தாலும் அது இரண்டு சுழிதான். சான்றுகளை இரவு தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.