ரெண்டு பேருக்கு 1 லிட்டர் குக்கர்: வழியுமா வழியாதா?

ஈபி_ரிட்டயர்டு: நேத்து வேற இழையில ஒரு மேதாவி "ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு 1 லிட்டர் எலக்ட்ரிக் குக்கரே தாராளம், பொன்னி புழுங்கல் பொலபொலன்னு வரும்"னு அடிச்சு விட்டிருந்தாரு. பச்சரிசின்னா ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி, சரி. புழுங்கலுக்கு மூணு, பழைய அரிசின்னா அதுக்கும் மேல. அவ்வளவும் 1 லிட்டர்ல கொதிச்சா மூடி ஓட்டை வழியா கஞ்சி பொங்கி மேடையெல்லாம் வழியும். 1.8 வாங்குங்க, அவ்ளோதான்.

பழையசோறு: அந்த மேதாவி நான்தான். வழியாது. நல்லா களைஞ்சு அரைமணி ஊற வச்சுப் போட்டா நுரையே கம்மி. அரிசிய ஒழுங்கா களையாதவங்களுக்கு அண்டாவுல வச்சாலும் வழியும்.

ஈபி_ரிட்டயர்டு: எனக்கே அரிசி களையப் பாடமா? சர்வீஸ் பூரா கரண்ட்டோட குப்பை கொட்டினவன் நான். அந்த சூட்டுத் தட்டு நடுவுல ஸ்பிரிங் வச்சு ஒரு காந்தம் இருக்கு, பாத்திரத்துல தண்ணி இருக்கற வரைக்கும் சூடு 100 டிகிரிய தாண்டாது, தண்ணி வத்தினதும் சூடு ஏறும், காந்தம் பிடிய விடும், டக்குனு ஸ்விட்ச் மேல வந்து வார்முக்குப் போயிடும், அவ்ளோதான் அதோட மூளை. பொங்குது, தீயக் குறைப்போம்னு அதுக்குத் தெரியாது. அதனால வழியும். வழிஞ்ச தண்ணி போச்சுன்னா சோறு நறுக்கரிசிதான்.

புதுக்குடித்தனம்: அண்ணா ஒரு டவுட். கடையில டப்பா மேல 1 லிட்டர்னும் போட்டிருக்கு, 2.7 லிட்டர்னும் போட்டிருக்கு. நீங்க சொல்ற லிட்டர் அரிசிக்கா, பாத்திரத்துக்கா?

பழையசோறு: காந்தக் கதை ஜோர். ஆனா 1 லிட்டர் 400 வாட் சொச்சம், உங்க 1.8 வந்து 700. எதுல கொதி ஜாஸ்தி சார்? ரெண்டு பேருக்குன்னு 1.8ல ஒரே ஒரு கப் போட்டுப் பாருங்க, அடியில மெல்லிசா பரவி ஓரமெல்லாம் காஞ்சு வறட்டி மாதிரி வரும். 1 லிட்டர்ல வழியாது.

ஈபி_ரிட்டயர்டு: வாட் பத்தி என்கிட்டயா? 700 வாட் அரைமணி ஓடினா 0.35 யூனிட். ரெண்டு மாசத்துக்கு ஒருவேளைச் சோத்துக்கு 21 யூனிட், 100 யூனிட் ஃப்ரீயிலேயே அடங்கிடும். சாதா 6 ஆம்ப் பிளக்கே தாங்கும். வழியும்னா வழியும்.

சிங்கை_வாசி: இங்க வீட்டுக்கு வீடு ரைஸ் குக்கர்தான், யாரும் இப்படி வழியுதுன்னு அழுது பார்த்ததில்ல.

ஈபி_ரிட்டயர்டு: நீங்க வைக்கறது ஜாஸ்மின் அரிசி. வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு பொன்னி புழுங்கலுக்குப் பஞ்சாயத்து பண்ண வந்துட்டாரு.

சிங்கை_வாசி: லிட்டில் இந்தியாவுல பொன்னி மூட்டையாவே விக்கறாங்க சார். கொஞ்சம் உலகத்தையும் பாருங்க.

வெண்கலப்பானை: எதுக்கு இந்த வம்பு, பானையில வச்சு வடிச்சா ஆச்சு. வடிச்ச சோறு சாப்பிட்டா சுகரே வராது.

பழையசோறு: அம்மா, கஞ்சியோட கொஞ்சம் மாவு போகும், மிச்சம் தட்டுல இருக்கறதும் மாவுதான். சுகர் வராதுன்னு யார் சொன்னது?

வெண்கலப்பானை: எங்க மாமியாருக்கு 80 வயசு, மாத்திரையே கிடையாது. நேத்துப் பொறந்ததெல்லாம் பேசுது.

ஈபி_ரிட்டயர்டு: விடுங்கம்மா, போன வருஷம் டில்டிங் கிரைண்டர் விஷயத்துலயும் இவரு இப்படித்தான், ஒத்தையாளா இருக்கறவங்களுக்குக்கூட டேபிள்டாப் வேணாம், பெருசு வாங்குன்னாரு. கிரைண்டர்னா பெருசு, குக்கர்னா சிறுசு. கொள்கைன்னு ஒண்ணு வேணும்.

பழையசோறு: கிரைண்டர இங்க இழுக்காதீங்க, அதுல தோத்தது யாருன்னு அந்த இழையப் படிச்சவங்களுக்குத் தெரியும்.

புதுக்குடித்தனம்: அண்ணா அந்த லிட்டர்... கூட வர்ற கப்பு வேற 180 மில்லின்னு போட்டிருக்கு, எங்க வீட்டு டம்ளர் அதவிடப் பெருசு. எதுல அளக்கறது?

ஈபி_ரிட்டயர்டு: தம்பி, எந்த டம்ளர்ல அளந்தாலும் 1 லிட்டர்ல வழியும். வாங்கினாலும் ஒண்ணு, பாத்திரத்துக்கு அடியில ஈரம் தொடைச்சிட்டு வை, தட்டுக்கு நடுவுல ஒரு பருக்கை மாட்டினாக்கூட ஸ்விட்ச் குளறுபடி பண்ணும். இதெல்லாம் அந்த மேதாவி சொல்ல மாட்டாரு.

பழையசோறு: ஞாயித்துக்கிழமை ரெண்டு கப் பொன்னி புழுங்கல் வச்சு முழுசா வீடியோ எடுத்துப் போடறேன். வழியாது.

ஈபி_ரிட்டயர்டு: போடுங்க. பச்சரிசிய வச்சுட்டு புழுங்கல்னு சொல்லாம இருந்தா சரி. மூட்டையையும் சேத்துக் காட்டுங்க.