வௌவால்கள் பறக்கின்றன, கருவி மட்டும் பேசவில்லை: எங்கே பிழை?

கல்லடி மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கிறேன். முழுநிலா இரவில் துடுப்பின் ஒரு நுனியை மட்டக்களப்பு வாவிக்குள் அமிழ்த்தி மறுநுனியைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்டவர்களின் கதைகளோடு வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, காதுக்கு எட்டாத ஒலிகள் மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. அதனால் வௌவால்களின் கழியொலியை, அதாவது மனிதக் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலியை, கேட்கும் ஒலியாக மாற்றும் கருவியொன்றை இந்த விடுமுறையில் வீட்டிலேயே அமைத்தேன்.

தூரம் அளக்கப் பயன்படும் எச்.சி.எஸ்.ஆர். 04 பலகையிலிருந்து, கழியொலியை வாங்கும் பகுதியை மட்டும் கழற்றி ஒலிவாங்கியாக இணைத்தேன். அதன் சைகையை எல்.எம். 386 விரியலாக்கி ஒன்று பெருக்குகிறது. நயம், அதாவது பெருக்கும் மடங்கு, 200 ஆக இருக்கும்படி அதன் 1ஆம், 8ஆம் முனைகளுக்கிடையே 10 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியை இட்டிருக்கிறேன். அதன் வெளியீடு அதிர்வுகளை எண்ணும் 4024 சில்லுக்குச் சென்று, 6ஆம் முனையில் மீடிறன் (விநாடிக்கான அதிர்வுகளின் எண்ணிக்கை) 16ஆல் வகுக்கப்பட்டுக் காதொலிப்பானுக்கு வருகிறது.

சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் விரல்களைத் தேய்த்தாலும் கருவி உடனே பேசுகிறது. வாவிக்கரைத் தெருவிளக்கைச் சுற்றும் சிறிய வௌவால்களின் ஒலியும் 'டிக் டிக்' என்று கேட்கிறது. ஆனால் கொக்கட்டிச்சோலையில் அம்மம்மாவின் பழைய வீட்டு ஓட்டுக்கூரையிலிருந்து மாலையில் பல வௌவால்கள் தலைக்கு மேலாகப் பறந்து போனபோது ஓர் ஒலியும் வரவில்லை. வளவில் உள்ள மாமரத்துக்கு வரும் பெரிய வௌவால்களும் அப்படியே. மூன்று மாலைகள் காத்திருந்தும் பயனில்லை. பிழை என் சுற்றிலா, வேறெங்காவதா?

கல்முனை வானொலித் திருத்துநர் எழுதியது:

தம்பி, உங்கள் சுற்றில் பிழையென்று சொல்ல ஒன்றுமில்லை. அதன் காதுதான் மிகவும் குறுகியது. நீங்கள் கழற்றிய அந்த வாங்கி 40 கிலோஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 40,000 அதிர்வுகளில், பரிவுறும்படி (மிகக் கூடுதலாக அதிரும்படி) செய்யப்பட்டது. அதிலிருந்து சில கிலோஹேர்ட்ஸ் விலகினாலே அதன் உணர்திறன் சரிந்துவிடும். தெருவிளக்கருகே பறப்பவை உயர்ந்த மீடிறனில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சரியும் ஒலிகளை எழுப்புவதால், 40ஐ அண்மிக்கும் கணத்தில் மட்டும் உங்களுக்கு அகப்படுகின்றன. சாவிக்கொத்துப் பரந்த மீடிறன் வீச்சில் ஒலிப்பதால், அது கேட்கிறது என்பதை வைத்துக் கருவி எல்லாவற்றையும் கேட்கும் என்று கொள்ள முடியாது.

அகன்ற வீச்சுள்ள சிறிய மெம்ஸ் (சில்லு வடிவ) ஒலிவாங்கிக்கு மாறுங்கள். நோல்ஸ் நிறுவனத்தின் எஸ்.பி.யு. 0410 வகையை இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் முனைகள் அடிப்பக்கத்தில் இருப்பதால் கையால் பற்றவைப்பது கடினம். பலகையில் பொருத்தியதாகவே வாங்குங்கள். 9 வோல்ற்றுப் பற்றரியை நேரே கொடுத்தால் அது எரிந்துவிடும். 3.3 வோல்ற்றுச் சீராக்கி ஒன்று இடையில் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எல்.எம். 386இன் 1ஆம், 8ஆம் முனைகளை வெறுமையாக விட்டால் நயம் 20தான். ஆனால் அது 300 கிலோஹேர்ட்ஸ் வரை வேலை செய்யும். நயத்தை 200க்கு உயர்த்தும்போது அந்த வீச்சு பெரிதும் சுருங்கி, உயர்ந்த மீடிறன்கள்தாம் முதலில் இழக்கப்படும். ஆகவே அந்தக் கொள்ளளவியைக் கழற்றிவிட்டு, நயம் 20 உடைய இரண்டு நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள். மொத்த நயம் 400 ஆகும், வீச்சும் அவ்வளவாகக் குறையாது. இரண்டுக்கும் இடையே 1 நானோபரட்டுக் கொள்ளளவியையும், அடுத்த நிலையின் உள்ளீட்டிலிருந்து சுற்றின் நிலத்துக்கு (பூச்சிய வோல்ற்று வயருக்கு) 10 கிலோ ஓம் தடையியையும் இட்டால் பேச்சொலியும் கடலிரைச்சலும் அடங்கும். வயர்களைக் குட்டையாக வையுங்கள். வழங்கலின் குறுக்கே 100 மைக்குரோபரட்டு ஒன்றை இடுங்கள். இவற்றைச் செய்யாவிட்டால் சுற்று தானாகவே அலைவுறத் தொடங்கி, வௌவாலே இல்லாத இடத்திலும் ஊளையிடும்.

சம்மாந்துறை ஆசிரியை எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உயிரியல் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். மாமரத்துக்கு வருபவை பழந்தின்னி வௌவால்கள். அவற்றுள் பெரிய பறக்கும் நரி எதிரொலியால் வழியறிவதே இல்லை. கண்ணாலும் மூக்காலும் கனியைத் தேடுகிறது. எவ்வளவு சிறந்த ஒலிவாங்கியை வைத்தாலும் அந்த மரத்தடியில் கழியொலி கிடைக்காததற்காக மனம் தளர வேண்டாம்.

ஓட்டுக்கூரையில் இருப்பவை வேறு கதை. பழைய கட்டடங்களில் தங்கும் இலைமூக்கு வௌவால்களுள் ஒன்றான இப்போசிடெரசு இசுப்பியோரிசு ஏறத்தாழ 130 கிலோஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. அம்மம்மாவின் வீட்டில் இருப்பது அதுதான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியானால் 40 கிலோஹேர்ட்ஸ் வாங்கிக்கு அது ஊமைதான். அத்தகைய உயர்ந்த ஒலியைக் காற்று விரைவாக விழுங்கிவிடுவதால், நல்ல ஒலிவாங்கி இருந்தாலும் சில மீற்றர் தூரத்துக்குள் நிற்க வேண்டும். 16ஆல் வகுத்தால் 8 கிலோஹேர்ட்ஸ் அளவில் கூர்மையாகக் கீச்சிடும். 4024இன் 5ஆம் முனைக்கு மாற்றினால் 32ஆல் வகுக்கப்பட்டு 4 கிலோஹேர்ட்ஸாகும், காதுக்கு இதமாக இருக்கும்.

வெளிவரும் வழியின் கீழ், ஒரு பக்கமாக, விளக்கில்லாமல் நில்லுங்கள். கூரைக்குள் ஏறிப் பார்க்க வேண்டாம். விழுந்து கிடப்பதையும் வெறுங்கையால் தொட வேண்டாம். அவற்றின் உறக்கத்தைக் கெடுக்காமல் கேட்பதற்காகத்தானே இந்தக் கருவியைச் செய்கிறோம்.

கல்லடி மாணவன் எழுதியது:

ஐயாவுக்கும் ஆசிரியைக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒலிவாங்கி வந்து சேர மூன்று வாரம் ஆனது. இரண்டு நிலைகளாக மாற்றி, 5ஆம் முனையிலிருந்து எடுத்து, நேற்று மாலை கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். முதல் வௌவால் ஓட்டின் இடுக்கிலிருந்து வெளிவந்தபோதே கருவி கீச்சிட்டது. அம்மம்மா காதொலிப்பானை வாங்கித் தன் காதில் வைத்து, இவ்வளவு காலமும் இவை இப்படிச் சத்தமிட்டுக்கொண்டா போயின என்று கேட்டார்.

பிறகு வயல் வரம்புக்குப் போனேன். அங்கே சீராக வந்துகொண்டிருந்த 'டிக்' ஒலி திடீரென நெருங்கி நெருங்கி, ஒரே இழுப்பாக 'ட்ர்ர்ர்' என்று முடிந்தது. அது என்ன?

சம்மாந்துறை ஆசிரியை எழுதியது:

அது இரை பிடிக்கும் கணம், தம்பி. தேடும்போது விநாடிக்கு ஏறத்தாழ பத்து முறை ஒலிக்கும் வௌவால், பூச்சியை நெருங்க நெருங்க அதை விநாடிக்கு நூற்றுக்கும் மேலாகக் கூட்டுகிறது. நேரத்தையும் வயலின் நிலையையும், எத்தனை முறை அந்த இழுப்பு கேட்டது என்பதையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஆனால் இனத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். வகுத்துத் தரும் கருவி ஒலியின் வலிமையையும் வடிவத்தையும் இழந்தே தருகிறது. இனத்தை அறிய விநாடிக்கு 384,000 மாதிரிகள் எடுக்கும் ஓடியோமொத் போன்ற பதிவுக்கருவி வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது. மாரிமழை தொடங்குமுன் ஒரு மாலை வீட்டாரின் அனுமதியோடு அந்தக் கூரையின் கீழ் வைத்துப் பார்க்கலாம்.