மோட்டார் பம்பு விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுத்தால் நாங்கள் விலை போனவர்களா?

கடைமடைப் பாட்டுக்காரன் (திருத்துறைப்பூண்டி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பாட்டெழுதி, மெட்டமைத்து, இணையத்தில் வெளியிட்டு வருகிறோம். திரைப்படத்தோடு எங்களுக்குத் தொடர்பு எதுவும் கிடையாது. இருவர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார், நான் கொஞ்சம் வயலும் ஒரு வாடகைக் காரும் வைத்துப் பிழைக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வெளியிட்ட ஒரு பாட்டு, மேட்டூரில் திறந்த தண்ணீர், வாய்க்கால் பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு வந்து சேரக் காத்திருக்கும் ஒரு கிழவரைப் பற்றியது. ஜூன் 12 அன்று அணை திறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அன்று முதல் தினமும் வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்து நாள் எண்ணுகிற மனிதர் அவர். பாட்டின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் நடவு நடும் பெண்கள் ஆறு பேர் நான்கு அடி நடவுப் பாட்டும் ஒரு குலவையும் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் சென்னையிலுள்ள விளம்பர நிறுவனம் ஒன்று எங்களைத் தொடர்புகொண்டது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்காக இந்தப் பாட்டைக் கேட்கிறார்கள். மூன்றரை லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். குலவையும் முதல் பல்லவியும் அப்படியே வேண்டுமாம். "இன்னும் வரலையே, காத்திருக்கேன்" என்று முடிகிற அடியை மட்டும் "இனிமே காத்திருக்க வேணாம்" என்று மாற்றிப் பாடித் தர வேண்டுமாம். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில், எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையறை இன்றி என்று எழுதியிருக்கிறது.

பணம் எங்களுக்குத் தேவைதான். கடைசியாகப் பதிவு செய்த இரண்டு பாட்டுக்கும் கூடத்துக்குத் தர வேண்டிய வாடகை இன்னும் பாக்கி நிற்கிறது. ஆனால் செய்தி எப்படியோ வெளியே தெரிந்து, "தண்ணி வரலைன்னு அழுதவனே மோட்டார் விக்க வந்துட்டான்" என்று டீக்கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடுக்கலாமா, கூடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐயாற்று ரசிகன் (திருவையாறு):

கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. நான் இருக்கும் ஊர் அப்படி. சரபோஜி மன்னர் அனுப்பிய செல்வத்தை மறுத்துத் தியாகையர் "நிதி சால சுகமா" என்று கல்யாணி ராகத்தில் பாடினார் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்த உயரத்தை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் விஷயத்தில் பணம் வாங்குவதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. காத்திருப்பதைப் பற்றிய பாட்டைக் காத்திருக்க வேண்டாம் என்று திருப்பிப் போடச் சொல்கிறார்கள். பாட்டின் தோலை உரித்து அதற்குள் வேறொன்றைத் திணித்துத் தைப்பதற்குச் சமம் இது. தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை (ஆடுதுறை):

ஐயாற்று ரசிகன் ஐயாவுக்கு வணக்கம். தியாகையர் உஞ்சவிருத்தி எடுத்து, அதாவது தெருவில் பாடிக்கொண்டே போய் வீடுகளில் போடும் அரிசியை வாங்கிச் சாப்பிட்டார், அதனால் மறுத்தார். இன்று உஞ்சவிருத்திக்குப் போனால் எந்தத் தெருவில் அரிசி போடுவார்கள் என்று சொன்னால் நானும் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக நாகஸ்வரம்தான் தொழில். கல்யாணத்துக்கும் வாசிப்போம், காதுகுத்துக்கும் வாசிப்போம், நகைக்கடைத் திறப்பு விழாவுக்கும் வாசிப்போம். இதற்காக எங்களை யாரும் விலை போனவர்கள் என்று சொன்னதில்லை, ஏனென்றால் கூலி வாங்காமல் நாங்கள் வாசிப்போம் என்று யாரும் நினைத்ததே இல்லை. இந்தக் குற்றச்சாட்டு மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் பாடத் தொடங்கிய பிறகு வந்தது என்பது என் எண்ணம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் விற்கிறவனுக்கும் ஒரு வரப்பு உண்டு. எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது, தஞ்சாவூரில் ஒரு பெரிய கடையின் திறப்பு விழாவுக்கு அப்பாவோடு போயிருந்தேன். நாங்கள் கல்யாணியில் ஆலாபனை செய்துகொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் சேலைக்குத் தள்ளுபடி அறிவித்தார்கள். அப்பா நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அறிவிப்பு முடியும்வரை காற்றை அடக்கி வைத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. சிறிது நேரம் கழித்துக் கடை முதலாளி வந்து, "சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பீங்களே, கம்பீரமா, அது ஒண்ணு வாசிங்க, அம்மா உள்ளே வர்றாங்க" என்றார். அவர் கேட்டது மல்லாரி. அப்பா எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அது சாமிக்குங்க" என்று மட்டும் சொன்னார். முதலாளி இரண்டு மடங்கு தருவதாகச் சொல்லியும் அவர் இசையவில்லை. அதற்குப் பதிலாக ஆனந்த பைரவி வாசித்தார், அம்மாவும் உள்ளே வந்தார், எங்களுக்குப் பேசிய கூலியும் கிடைத்தது.

தம்பி, பாட்டைக் கொடுக்கலாமா என்று கேட்பதற்கு முன், உங்கள் பாட்டில் மல்லாரி எது என்று நீங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று. மோட்டார் என்றாலே பாவம் போலப் பேச வேண்டாம். எங்கள் பக்கத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) இல்லாவிட்டால் பல ஆண்டுகளில் குறுவை நெல் சாகுபடியே கிடையாது.

ஒலிக்கூடம் (கும்பகோணம்):

நான் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். (கேள்வி கேட்டவர் பாக்கி வைத்திருக்கும் கூடம் என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

இந்த வழக்கு மேற்கே அறுபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. 1968-இல் டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக் குழுவின் மற்ற மூவரும், பாடகர் ஜிம் மோரிசன் ஊரில் இல்லாத நேரத்தில், ஒரு கார் விளம்பரத்துக்குத் தங்கள் புகழ்பெற்ற பாட்டைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். அவர் திரும்பி வந்து கொதித்துப்போனார். அந்த விளம்பரம் அதன்பின் தொடரவில்லை என்றாலும், குழுவுக்குள் விழுந்த விரிசல் ஆறவில்லை. மோரிசன் இறந்து பல ஆண்டுகள் கழித்து இன்னொரு கார் கம்பெனி கோடிக்கணக்கில் பணத்தோடு வந்தபோது, தாளவாத்தியக்காரர் ஜான் டென்ஸ்மோர் ஒருவர் மட்டும் அதை மறுத்தார். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்று அவர்கள் இளமையிலேயே முடிவு செய்துகொண்டிருந்ததால், அந்த ஒரு மறுப்பு செல்லுபடியாயிற்று. உங்கள் நான்கு பேருக்குள் அப்படி ஏதாவது எழுத்தில் இருக்கிறதா?

1987-இல் பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்று காலணி விளம்பரத்தில் வந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அப்போது அந்தப் பாட்டின் பதிப்புரிமை மைக்கேல் ஜாக்சனிடம் இருந்தது. எழுதியவர்களின் கையில் இல்லை. பாட்டு விலை போய்விட்டது என்று பாடகனைத் திட்டுகிறோம், அவனோ எப்போதோ வேறு காரணத்துக்காகப் போட்ட கையெழுத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பான். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நிக் டிரேக் என்ற ஆங்கிலேயப் பாடகர் 1974-இல் ஏறத்தாழ யாருக்கும் தெரியாமல் இறந்துபோனார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு கார் விளம்பரத்தில் அவருடைய பாட்டு ஒன்று வந்த பிறகுதான் பெருங்கூட்டம் அவரைத் தேடி வந்தது. அதே 1999-இல் மோபி என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வெளியிட்ட தொகுப்பில் இருந்த 18 பாடல்களையும் விளம்பரத்துக்கும் படத்துக்கும் கொடுத்தார். வானொலி கண்டுகொள்ளாத பாட்டுகள் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வீடு நுழைந்தன.

நம் ஊரில் இந்தச் சண்டை அவ்வளவாக எழாததற்குக் காரணம், நமக்குத் தெரிந்த பாட்டில் பெரும்பகுதி திரைப்படப் பாட்டு என்பதுதான். அது முதல் நாளிலேயே முதலாளியின் பணத்தில் பிறந்தது. ஏ. ஆர். ரகுமான் 1992-இல் திரைக்கு வருவதற்கு முன் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தவர்தான். 2002-இல் அவர் ஏர்டெல்லுக்குப் போட்ட மெட்டை நாடே கைப்பேசியில் வைத்துக்கொண்டது. அவரை விலை போனவர் என்று யாரும் சொல்லவில்லை. உங்களைப் போல யார் பணமும் இல்லாமல் பாட்டுப் போடுகிறவர்கள் மேல்தான் இந்தச் சொல் விழும். கேட்பவர்கள் உங்களிடம் ஒரு நம்பிக்கை வைத்திருப்பதால் விழுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குடந்தை வழக்குரைஞர்:

நியாயத்தை மற்றவர்கள் பேசட்டும், நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த ஒப்பந்தத்தை இப்போதுள்ள வடிவில் ஒப்பமிடாதீர்கள்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாட்டின் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். மூன்றும் உங்களில் யார் யாரிடம் இருக்கின்றன என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உரிமையை ஒரேயடியாக மாற்றித் தருவது வேறு, ஒரு குறிப்பிட்ட பயனுக்கு அனுமதி தருவது வேறு. வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. எவ்வளவு காலம் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே வைத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள்தான் "உலகம் முழுவதும், காலவரையறை இன்றி" என்று முன்கூட்டியே எழுதி அனுப்புவார்கள். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேராத ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டியை எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை ஒப்படைக்கலாம். உங்கள் பாட்டைச் சிதைத்து உங்கள் பெயருக்குக் களங்கம் உண்டாக்கினால் தடுக்கும் உரிமை 57-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் வரியை நீங்களே மாற்றிப் பாடிக் கொடுத்துவிட்டு அந்தப் பிரிவைத் தேடி வராதீர்கள்.

இதுவரை யாரும் கேட்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்த ஆறு பெண்களிடம் பேசினீர்களா? நடவுப் பாட்டு ஊருக்குப் பொது, அதன்மேல் யாருக்கும் பட்டா கிடையாது. ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் குரல் அவர்களுடையது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சட்டத்தில் தனி உரிமை உண்டு. கம்பெனி முதலில் கேட்டதே குலவையைத்தான் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தமிழாசிரியர் (மயிலாடுதுறை):

புறநானூற்றில் 208-ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அதியமானிடம் பரிசில் பெறப் போகிறார். அதியமான் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று அதை வாங்க மறுக்கிறார். தன் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு கூட இனிது என்கிறார். பரிசில் வாங்கத்தான் அவரே வந்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த விளம்பரக்காரர்கள் உங்கள் பாட்டைக் கடைசி வரை கேட்டிருக்கிறார்களா?

கடைமடைப் பாட்டுக்காரன் (திருத்துறைப்பூண்டி):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வழக்குரைஞர் ஐயா கேட்ட கேள்வியைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அந்த ஆறு பேருக்கும் பதிவன்று ஆளுக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை போய் அவர்களை உட்கார வைத்து, மாற்றச் சொன்ன அடி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களில் மூத்தவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "எந்த ஊருக்குடா மோட்டாரு? இங்க போர் போட்டா உப்புத் தண்ணிதானே வருது, அதுல பருப்பு கூட வேகாதே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். கடலோரக் கடைமடையில் எடுத்த பாட்டைக் காட்டி இதே மண்ணில் ஆழ்துளை மோட்டார் விற்கலாம் என்று யோசித்தவர் எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருக்க மாட்டார். ஆடுதுறை அண்ணன் சொன்னது அவர் ஊருக்குச் சரி. எங்கள் ஊரில் ஆற்றுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை, பாட்டு பிறந்ததும் அதனால்தான்.

பணம் வேண்டாம் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. பாட்டு போகட்டும், எங்கள் பங்கை ஒழுங்காகப் பிரித்துக் கொடு என்றார்கள். குலவையை மட்டும் கொடுக்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் நாற்று முடியை வயலில் வைக்கும்போதும், கல்யாணத்திலும், கோயிலிலும் போடுவதைக் கடைக்காரனுக்குப் போட முடியாதாம். மல்லாரி என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணா.

விளம்பர நிறுவனத்துக்கு மறுநாள் பதில் அனுப்பினோம். தமிழ்நாட்டுக்குள், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் அனுமதி தருகிறோம். குலவை கிடையாது, வரியில் ஓர் எழுத்தும் மாறாது, பத்துப் பேருக்கும் சமபங்காகப் பணம் பிரித்து அனுப்பப்பட வேண்டும் என்று எழுதினோம். பாட்டைக் கடைசி வரை கேட்டீர்களா என்றும் கேட்டிருந்தோம். முப்பது விநாடிப் பகுதியைத்தான் தங்களுக்கு அனுப்பியிருந்தார்கள் என்று அங்கிருந்த ஒரு பெண் நேர்மையாக ஒப்புக்கொண்டார். கம்பெனியிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை.

ஐயாற்று ரசிகன் (திருவையாறு):

இந்த நிபந்தனைகளுக்கு அவர்கள் ஒத்துக்கொண்டாலும் கொடுக்க வேண்டாம் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன். ஆனால் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாட்டின் இணைப்பை இங்கே பதியுங்கள், நானும் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை.