மாத்திரை போட்டும் மாதாமாதம் வருதே, அப்புறம் என்ன?

தென்றல்_77:
பக்கத்துத் திரியில ஒருத்தர், "கருத்தடை மாத்திரை உடம்போட சொந்த ஹார்மோனை ஒண்ணும் பண்ணாது, அதோட சேர்ந்து ஓடும்"னு அடிச்சு விட்டிருக்கார். அதுக்கு ஒரு கூட்டம் கைதட்டுது. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் மாதிரி செயற்கையா செஞ்ச புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை போட்டா, சினைப்பையை முடுக்கிவிடுற பிட்யூட்டரி ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். ரெண்டும் அடங்கிடும். எல்.எச். எகிறாது, முட்டை வெளிவராது, சினைப்பை சுரக்கிற எஸ்ட்ராடியோலும் புரோஜெஸ்டிரோனும் அடிமட்டத்துல கிடக்கும். இதுல எது சேர்ந்து ஓடுது?

கறார்பேர்வழி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லத் தைரியம் இல்லையோ? 28 நாளைக்கு ஒருதடவை டாண்ணு வருது. ஹார்மோன் அடங்கிட்டா ரத்தம் எங்கேர்ந்து வருது?

மாத்திரைப்பெட்டி:
21 மாத்திரை முடிஞ்சதும் 7 நாள் இடைவெளி. செயற்கை ஹார்மோன் நின்னதால கருப்பை உள்வரி உதிருது, அவ்வளவுதான். இடைவெளி விடாம அடுத்த அட்டையைத் தொடங்கினா அந்த ரத்தம் வராது, அங்கங்கே கறை பட்டா உண்டு. 28 நாள் கணக்கு அட்டையோடது.

கறார்பேர்வழி:
கதை வேண்டாம். ரத்தம் வருதா, இல்லையா?

தென்றல்_77:
வருது, ஆனா...

கறார்பேர்வழி:
வருதுன்னு ஒத்துக்கிட்டாச்சு. திரியை மூடலாம்.

முகிலினி:
கருத்தடைக்காகக் கருப்பைக்குள்ள வைக்கிற, லெவோநார்ஜெஸ்ட்ரல்ங்கிற புரோஜெஸ்டினைக் கசியவிடுற வளையம் வச்சவங்கள்ல நிறைய பேருக்கு முட்டை வெளியாகிட்டுத்தான் இருக்கும். ரத்தம் குறையும், சிலருக்கு நின்னே போயிடும். கறார் கணக்குப்படி அவங்களுக்கு ஹார்மோனே இல்லையா?

கறார்பேர்வழி:
வளையத்தைப் பத்தி யார் கேட்டா? தைராய்டு திரியிலயும் இப்படித்தான் குறுக்கே புகுந்து குழப்பினீங்க.

முகிலினி:
அங்கே உளறினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். மாத்திரையில உள்ள ஈஸ்ட்ரோஜனால, தைராய்டு ஹார்மோனான டி4-ஐ ரத்தத்துல சுமக்கிற புரதம் கூடும், அதனால மொத்த டி4 அதிகமா காட்டும். புரதத்துல ஒட்டாத ஃப்ரீ டி4 பெரும்பாலும் அப்படியே இருக்கும். இதைப் போய் நோய்னு பயமுறுத்தினீங்களே!

மாத்திரைப்பெட்டி:
அதே ஈஸ்ட்ரோஜனால கல்லீரல், பாலின ஹார்மோனைச் சுமக்கிற எஸ்.எச்.பி.ஜி. புரதத்தையும் கூட்டுது. அது டெஸ்டோஸ்டிரோனைப் பிடிச்சு வச்சுக்கிறதால ஃப்ரீ அளவு குறையும். பலருக்கு முகப்பரு அடங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நீலாம்பல்:
பார்த்தீங்களா, எல்லாம் விஷம்! போட்டா மலடுதான்னு நான் அப்பவே சொன்னேன்.

முகிலினி:
வந்துட்டாங்கப்பா அடுத்தவங்க. மாத்திரையை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குச் சில மாசத்துல சுழற்சி திரும்பிடும். தாமதம் ஆகிறது மூணு மாசத்துக்கு ஒருதடவை போடுற கருத்தடை ஊசியிலதான். கடைசி ஊசியிலேர்ந்து கரு தங்க சராசரியா 10 மாசம் போல ஆகும். தாமதம் வேற, மலடு வேற.

கறார்பேர்வழி:
ஊசி, வளையம், புரதம்... ஊர்ல உள்ளதெல்லாம் பேசுறீங்க. 28 நாளுக்கு மட்டும் பதிலைக் காணோம்.

தென்றல்_77:
மேலேயே பதில் இருக்கு. படிக்கிற பழக்கம் உண்டா?

கறார்பேர்வழி:
வருதுன்னு எழுதினது நீங்க. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

மாத்திரைப்பெட்டி:
ஐயா, மாத்திரை போடுறவங்களுக்கு 21-ம் நாள் ரத்தத்துல புரோஜெஸ்டிரோன் பாருங்க. முட்டை வெளியாகலைன்னு அதுவே சொல்லும்.

கறார்பேர்வழி:
லேப்காரனுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கிற வேலையா? அட்டை எண்ணிக் கொடுக்கிறவங்க எல்லாம் பாடம் எடுக்கிறாங்க.

மாத்திரைப்பெட்டி:
அதே ஆள்கிட்டதான் போன வாரம் தனிச்செய்தியில வந்து எஸ்.எச்.பி.ஜி.-ன்னா என்னன்னு கேட்டீங்க.

கறார்பேர்வழி:
தனிச்செய்தியைப் பொதுவுல போடுறது விதிமீறல். புகார் கொடுத்தாச்சு. ரத்தம் வருதா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல.